முதல் எழுத்தை விழுங்கும் விசைப்பலகை: பழுது பலகையிலா, மின்சேமிப்பிலா?

2 செப்டம்பர் 2024, காலை 11.20 (வியாசர்பாடியிலிருந்து கேள்வி)

வியாசர்பாடியில் மூன்று கணினிகளை வைத்துக்கொண்டு விண்ணப்பம் நிரப்பிக் கொடுக்கும் கடை நடத்துகிறேன். மூன்றிலும் விசைப்பலகைத் தொல்லை. முதல் கணினியில், வந்தவரிடம் விவரம் கேட்டுவிட்டுத் திரும்பித் தட்டினால் முதல் எழுத்து விழுவதே இல்லை. சில நேரம் இரண்டு எழுத்துகள் போய்விடுகின்றன. இரண்டாவதில், காலையில் கடையைத் திறந்து கணினியை இயக்கினால் விசைப்பலகை வேலை செய்வதில்லை. வயரைப் பிடுங்கிச் செருகினால்தான் உயிர் வருகிறது. மூன்றாவது எப்போது நிற்கும் என்றே சொல்ல முடியாது, நடுப்பகலில் திடீரென்று செத்துப்போகிறது. இரண்டு புதிய விசைப்பலகைகள் வாங்கிப் போட்டும் பலனில்லை. பழுது பார்க்க வந்தவர் மதர்போர்டு போய்விட்டது என்கிறார். விலை குறைந்த விசைப்பலகைகள் எல்லாமே இப்போது இப்படித்தான் வருகின்றன என்பது என் முடிவு. தட்டச்சுக் கடை வைத்திருக்கும் அக்கா இதற்கு என்ன சொல்கிறார்?

2 செப்டம்பர் 2024, இரவு 9.45

மூன்றாவது விசைப்பலகையை வாங்காதீர்கள், தம்பி. நீங்கள் சொல்வது ஒரே நோய் அல்ல. மூன்று வேறு நோய்கள் ஒரே கடையில் வந்து கூடியிருக்கின்றன. மதர்போர்டைப் பற்றிய பேச்சைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம்.

முதல் எழுத்து காணாமல் போவது எனக்கு நன்றாகத் தெரிந்த துன்பம். தண்டையார்பேட்டையில் நான்கு கணினிகளுடன் தட்டச்சு, நகல் கடை நடத்துகிறேன்; வேலையில் பெரும்பகுதி தமிழ் மனுக்கள். ஐந்தாறு ஆண்டுகளுக்கு முன், முதியோர் உதவித்தொகை கேட்டு எழுதிய ஒரு மனுவில் மேரி என்ற பெயர் ஏரி என்று அச்சாகிவிட்டது. தமிழ்99 என்ற விசைப்பலகை முறையில் ம, ஏ, ர, இ என்று நான்கு விசைகளை அழுத்தினால் மேரி வரும். முதல் விசை மட்டும் விழாமல் போனால் ஏ தனி உயிரெழுத்தாக நின்றுகொள்ளும். ஏரி என்ற நல்ல தமிழ்ச் சொல்லே வந்துவிடும். பிழைதிருத்தி அதைக் காட்டிக்கொடுக்காது, அவசரமாகப் படிக்கிற கண்ணும் பிடிக்காது. அந்த அம்மா திருப்பி அனுப்பப்பட்டு, வெயிலில் நடந்து வந்து, தாளை மேசையில் வைத்துவிட்டு ஒன்றும் பேசாமல் நின்றார். அன்று கடையில் வேலை செய்த பெண்ணைக் கவனக்குறைவு என்று கடிந்துகொண்டேன். ஒரு வாரம் கழித்து நானே அதே கணினியில் உட்கார்ந்தபோது எனக்கும் முதல் எழுத்து விழவில்லை. அந்தப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்டேன்.

அதன் பிறகு இரண்டு விசைப்பலகைகளை மாற்றிப் பார்த்தேன். உங்களைப் போலவே எனக்கும் பலன் இல்லை. ஒரு நாள், எழுத்து விழாத ஒவ்வொரு முறையும் அதற்குச் சற்று முன் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று யோசித்தேன். ஒவ்வொரு முறையும் கையால் எழுதிய தாளைப் படித்துக்கொண்டிருந்திருக்கிறேன். அதாவது, விசைப்பலகையைத் தொடாமல் சிறிது நேரம் இருந்திருக்கிறேன். பழுதான விசை என்றால் ஓடிக்கொண்டிருக்கும் வரியின் நடுவிலும் விழாமல் போயிருக்க வேண்டும். ஓய்வுக்குப் பின் வரும் முதல் எழுத்து மட்டும் போகிறது என்றால், விசைப்பலகை தூங்கப் போயிருக்கிறது என்று பொருள்.

தூங்குவது எப்படி என்றால்: யுஎஸ்பி விதிப்படி, தன் தடத்தில் தொடர்ந்து 3 மில்லிவினாடி எந்தச் சைகையும் வராவிட்டால் சாதனம் உறக்க நிலைக்குப் போய்விட வேண்டும். மின்சாரத்தைச் சேமிக்க நினைக்கும் இயங்குதளம், பயன்படுத்தப்படாத சாதனத்தின் தடத்தை வேண்டுமென்றே அமைதியாக்கிவிடுகிறது. இதற்குச் செலக்டிவ் சஸ்பெண்ட் என்று பெயர். நீங்கள் மீண்டும் ஒரு விசையை அழுத்தும்போது விசைப்பலகை எழுப்புச் சைகை கொடுக்கிறது. கணினி அதை ஏற்று, குறைந்தது 20 மில்லிவினாடி மீள்சைகை அனுப்பிய பிறகுதான் பேச்சு மறுபடியும் தொடங்குகிறது. அதற்கு மேல் இயங்குதளம் சாதனத்தைக் கேட்கத் தொடங்கும் நேரமும் சேர்கிறது. வேகமாகத் தட்டுகிறவர் ஒரு விசையை அழுத்தி விடுவது ஏறத்தாழ 100 மில்லிவினாடிக்குள் முடிந்துவிடும். எழுப்பிய விசை எது என்பதை விசைப்பலகை நினைவில் வைத்திருந்து பிறகு சொல்லாவிட்டால், அந்த எழுத்து போனதுதான்.

இன்று இரவு ஒன்றும் மாற்ற வேண்டாம். நாளை முதல் ஒரு நோட்டில் மூன்று கணினிகளுக்கும் தனித்தனிப் பக்கம் ஒதுக்கி, விசைப்பலகை எத்தனை மணிக்கு நின்றது, அதற்கு முன் என்ன நடந்தது என்று மட்டும் எழுதுங்கள்.

3 செப்டம்பர் 2024, காலை 7.10

நேற்று ஒன்றைச் சொல்ல விட்டுவிட்டேன். இதுதான் முதலில் சொல்லியிருக்க வேண்டியது. விசைப்பலகை செத்ததும் வயரைப் பிடுங்காதீர்கள். நம்லாக் விசையை ஒரு முறை அழுத்தி, விளக்கைப் பாருங்கள்.

அந்த விளக்கை விசைப்பலகை தானாக எரிய வைப்பதில்லை. நீங்கள் நம்லாக்கை அழுத்திய செய்தி கணினிக்குப் போய், கணினி "விளக்கை மாற்று" என்று திருப்பிச் சொன்னால்தான் அது மாறும். ஆகவே விளக்கு மாறினால் வயர், போர்ட், விசைப்பலகை மூன்றும் நலம்; எழுத்து விழாததற்குக் காரணம் இயங்குதளத்திலோ நிரலிலோ இருக்கிறது. விளக்கு எரிந்தபடியே மாறாமல் நின்றால் மின்சாரம் வருகிறது, ஆனால் கணினி கேட்கவில்லை. விளக்கே இல்லையென்றால் மின்சாரமே போய்ச் சேரவில்லை, அல்லது சாதனம் உறக்கத்தில் இருக்கிறது. இந்த ஒரு விசையில் பாதி வழி தெரிந்துவிடும். வயரைப் பிடுங்கிச் செருகினால் எல்லாம் புதிதாகத் தொடங்கிவிடும்; தடயம் அழிந்துவிடும்.

3 செப்டம்பர் 2024, இரவு 10.05

முதல் கணினிக்குச் செய்ய வேண்டியதைக் கேட்டிருக்கிறீர்கள். விண்டோஸில் டிவைஸ் மேனேஜரைத் திறந்து, கீபோர்டு பிரிவில் உங்கள் விசைப்பலகையின் ப்ராப்பர்டீஸ் பக்கத்தில் பவர் மேனேஜ்மென்ட் என்ற தாவலைப் பாருங்கள். மின்சாரத்தைச் சேமிக்க இந்தச் சாதனத்தை நிறுத்திவைக்கக் கணினிக்கு அனுமதி உண்டு என்ற பொருளில் ஒரு டிக் இருந்தால் அதை எடுத்துவிடுங்கள். பலருடைய கணினியில் அந்த டிக் மங்கலாக, தொட முடியாதபடி இருக்கும், அல்லது இருக்கவே இருக்காது. அதைப் பார்த்துவிட்டு "இங்கே ஒன்றுமில்லை" என்று திரும்பிவிடுகிறார்கள். அதே டிக் யுஎஸ்பி பிரிவில் ரூட் ஹப் (யுஎஸ்பி போர்ட்டுகள் வந்து சேரும் மையம்) என்ற பெயருள்ள ஒவ்வொரு வரியிலும் தனியாக இருக்கிறது. விசைப்பலகை எந்த ஹப்பில் தொங்குகிறதோ அந்த ஹப்பிலும் எடுக்க வேண்டும். அதன் பிறகு கண்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ், அதில் மேம்பட்ட அமைப்பு, அதில் யுஎஸ்பி செலக்டிவ் சஸ்பெண்ட்: டிசேபிள்ட்.

மேசைக் கணினியில் இதனால் கூடும் மின்செலவு மிகச் சிறிது. ஒரு மனு திரும்பி வருவதைவிட அது மேல்.

4 செப்டம்பர் 2024, இரவு 9.30

இரண்டாவது கணினியின் பக்கத்தில் நீங்கள் எழுதி அனுப்பிய வரியில் விடை இருக்கிறது: "ஷட்டவுன் செய்து போட்டால் வரவில்லை, ரீஸ்டார்ட் செய்தால் வருகிறது." பழுது பார்க்க வந்தவர் இதைக் கேட்டிருந்தால் மதர்போர்டைக் குறை சொல்லியிருக்க மாட்டார்.

2012ல் வந்த விண்டோஸ் 8 முதல், ஷட்டவுன் என்பது முழு நிறுத்தம் அல்ல. கணினியை விரைவாகத் தொடங்க வைக்கும் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் என்ற வசதி இயங்கிக்கொண்டிருந்தால், நீங்கள் திறந்து வைத்த நிரல்கள் மூடப்படும். ஆனால் இயங்குதளத்தின் உட்கருவும் சாதன இயக்கிகளும் இருந்த நிலை அப்படியே வட்டில் எழுதிவைக்கப்படும். மறுநாள் இயக்கும்போது அந்தப் பழைய நிலைதான் திரும்பப் படிக்கப்படுகிறது. ரீஸ்டார்ட் செய்யும்போது மட்டும் எல்லாம் முதலிலிருந்து தொடங்கும். நாம் கடை மூடும்போது மெயின் சுவிட்சையும் இறக்கிவிட்டுப் போகிறோம் அல்லவா? விசைப்பலகை மின்சாரமே இல்லாமல் இரவெல்லாம் கிடந்து, காலையில் புதிதாகக் கண் விழிக்கிறது. கணினியோ நேற்று மாலை விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடர்கிறது. பெரும்பாலான கணினிகளில் இந்த இரண்டும் ஒன்றை ஒன்று கண்டுகொள்ளும். உங்கள் இரண்டாவது கணினியில் கண்டுகொள்ளவில்லை.

பவர் ஆப்ஷன்ஸில், பவர் பொத்தான்கள் என்ன செய்ய வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் பக்கத்தில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் டிக்கை எடுத்துவிடுங்கள். அதற்கு முன் சோதிக்க வேண்டுமானால், இன்று இரவு ஷிஃப்ட் விசையை அழுத்தியபடி ஷட்டவுன் கொடுங்கள்; அந்த ஒரு முறை மட்டும் முழு நிறுத்தமாக நடக்கும். காலையில் விசைப்பலகை வேலை செய்தால் காரணம் உறுதி.

இன்னொரு வழி, திறந்திருக்கும் வேலையை வட்டில் எழுதிவைத்துக் கணினியை அணைக்கும் ஹைபர்னேட் வசதியையே கட்டளை கொடுத்து நிறுத்திவிடுவது. ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் அதைச் சார்ந்து இருப்பதால் அதுவும் சேர்ந்து போய்விடும். என் கடையில் அப்படித்தான் செய்திருக்கிறேன்.

7 செப்டம்பர் 2024, மதியம் 2.15

செப்டம்பர் 4 குறிப்பின் கடைசிப் பத்தியைத் திருத்துகிறேன். ஹைபர்னேட்டை நிறுத்துங்கள் என்று எழுதியதைப் படித்துவிட்டு, கொடுங்கையூரில் வீட்டிலிருந்தே கணக்கு எழுதும் ஒரு அம்மா அப்படியே செய்துவிட்டார். அவர் கரண்ட் போனால், யுபிஎஸ் தாங்கும் சில நிமிடங்களுக்குள் கணினியை ஹைபர்னேட்டில் போட்டு, கணக்குகள் திறந்த நிலையிலேயே பாதுகாத்து வந்தவர். இப்போது அந்தத் தேர்வே பட்டியலில் இல்லை என்று பதறி எழுதியிருந்தார். ஸ்லீப்பில் வேலை ராம் நினைவகத்தில்தான் நிற்கும், யுபிஎஸ் தீர்ந்தால் எல்லாம் போய்விடும். ஹைபர்னேட்டில் வட்டில் எழுதப்படுவதால் மின்சாரமே இல்லாமல் இருக்கலாம். இந்த வேறுபாட்டை நினைக்காமல், என் கடைக்குப் பொருந்தியதை எல்லோருக்கும் சொல்லிவிட்டேன். ஹைபர்னேட்டை மீண்டும் இயக்கிக்கொள்ளும்படி அவருக்குச் சொல்லியிருக்கிறேன். ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் டிக்கை மட்டும் எடுத்தால் போதும். ஹைபர்னேட்டைத் தொட வேண்டாம்.

7 செப்டம்பர் 2024, இரவு 9.50

திருவொற்றியூரிலிருந்து ஒருவர், ஸ்லீப்பில் இருக்கும் கணினி விசையைத் தட்டினால் எழவில்லை என்கிறார். அது வேறு டிக். விசைப்பலகையின் பவர் மேனேஜ்மென்ட் பக்கத்தில், கணினியை எழுப்ப இந்தச் சாதனத்துக்கு அனுமதி என்ற டிக் இருக்க வேண்டும். ஒன்று விசைப்பலகையைக் கணினி தூங்கவைப்பது பற்றியது, மற்றது கணினியை விசைப்பலகை எழுப்புவது பற்றியது. முன்னதை எடுக்க வேண்டும், பின்னதைப் போட வேண்டும். முழுவதும் நிறுத்திய கணினியை விசைப்பலகையால் இயக்க விரும்பினால் பயாஸில் (விண்டோஸுக்கு முன்பே இயங்கும் அடிப்படை நிரலில்) இஆர்பி என்ற மின்சேமிப்பு அமைப்பையும் பாருங்கள். அது இயங்கினால் நிறுத்திய நிலையில் யுஎஸ்பிக்குப் போகும் காத்திருப்பு மின்சாரம் துண்டிக்கப்படும்.

12 செப்டம்பர் 2024, இரவு 10.20

செப்டம்பர் 2 அன்று, எழுத்து விழாமல் போவதை ஏறக்குறைய முழுவதும் உறக்கத்தின் மேல் ஏற்றி எழுதியிருந்தேன். இன்று என் கடையிலேயே அதற்கு எதிரான ஒன்று நடந்தது.

நான்காவது கணினியில் புதிதாக வந்திருக்கும் பெண், "அக்கா, கீபோர்டு கனமாயிடுச்சு" என்றாள். அவள் சொன்ன சொல் எனக்கு முதலில் புரியவில்லை. உட்கார்ந்து பார்த்தேன். வழக்கமான வேகத்தில் தட்டினால் ஒரு எழுத்துகூட விழவில்லை. ஒவ்வொரு விசையையும் ஒரு வினாடி அளவுக்கு அழுத்திப் பிடித்தால் விழுந்தது. உறக்கம் என்றால் முதல் எழுத்து போய், அதன் பிறகு சரளமாக ஓட வேண்டும். இங்கே எல்லா எழுத்தும் தயங்கியது. நம்லாக்கைச் சற்று நேரம் அழுத்திப் பிடித்தேன், விளக்கு மாறியது. ஆக, வயரும் போர்ட்டும் நலம்.

காரணம் ஃபில்டர் கீஸ். கை நடுக்கம் உள்ளவர்களுக்காக விண்டோஸில் இருக்கும் நல்ல வசதி அது. தவறிப் படும் விசைகளைப் புறக்கணித்து, அழுத்திப் பிடித்ததை மட்டும் ஏற்கும். வலப்பக்க ஷிஃப்ட் விசையை 8 வினாடி அழுத்திப் பிடித்தால் அதை இயக்கலாமா என்று ஒரு பெட்டி கேட்கும்; அதற்கு ஆம் என்று விழுந்துவிட்டால் இயங்கத் தொடங்கிவிடும்.

யார் ஷிஃப்டை 8 வினாடி பிடிக்கப்போகிறார்கள் என்று கேட்பீர்கள். தமிழ்99ல் தட்டுகிறவர்கள் பிடிப்பார்கள். ஸ, ஷ, ஜ, ஹ ஆகிய கிரந்த எழுத்துகள் மேல் வரிசையின் இடக்கோடியில், ஷிஃப்டுடன் வருகின்றன. முறையாகப் பயின்ற கை, இடக்கை எழுத்துக்கு வலக்கைச் சுண்டுவிரலால் வலப்பக்க ஷிஃப்டை அழுத்தும். அந்தப் பெண் ஜ என்று தொடங்கும் பெயரைத் தட்ட ஷிஃப்டைப் பிடித்துக்கொண்டு, எதிரே இருந்தவரிடம் "இனிஷியல் என்ன?" என்று கேட்டிருக்கிறாள். அவர் தன் அப்பா பெயரையும் தாத்தா பெயரையும் சொல்லி முடிக்கும் வரை விரலை எடுக்கவில்லை. பெட்டி வந்ததைக் கவனிக்காமல் எண்டரைத் தட்டியிருக்கிறாள். தட்டச்சுப் பள்ளியில் ஒழுங்காகக் கற்றதால் வந்த தொல்லை என்பதால் அவளைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

விண்டோஸ் 10ல் ஈஸ் ஆஃப் அக்செஸ், 11ல் அக்செஸிபிலிட்டி என்ற பகுதியில் கீபோர்டு பக்கத்தில் இதை நிறுத்தலாம். ஷிஃப்டால் இயங்கும் குறுக்கு வழியையும் அங்கேயே நிறுத்துங்கள். நான்கு கணினிகளிலும் நிறுத்திவிட்டேன்.

14 செப்டம்பர் 2024, காலை 8.00 (வியாசர்பாடியிலிருந்து)

அக்கா, முதல் கணினியில் ஹப் டிக்கை எடுத்த பிறகு ஓர் எழுத்துகூடப் போகவில்லை. இரண்டாவது, ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்பை நிறுத்தியதிலிருந்து காலையில் ஒழுங்காக வருகிறது. மூன்றாவதில் இரண்டையும் செய்துவிட்டேன். ஒரு மாற்றமும் இல்லை. நேற்று மட்டும் மூன்று முறை நின்றது. மூன்று முறையும் விளக்கே இல்லை.

14 செப்டம்பர் 2024, இரவு 9.15

விளக்கே இல்லை என்பது முக்கியம். டிக்கை எடுத்த பிறகும் விளக்கு அணைகிறது என்றால், மின்சாரம் போய்ச் சேராத வழியைத்தான் தேட வேண்டும். விசைப்பலகையைப் பின்பக்கப் போர்ட்டில் செருகிப் பாருங்கள். முன்பக்கப் போர்ட் கேபினெட்டுக்குள் ஒரு மெல்லிய வயர் வழியாக மதர்போர்டுக்குப் போகிறது. அதிலும் அதன் இணைப்பிலும் மின்னழுத்தம் இழக்க இடம் அதிகம். எங்கள் பக்கத்தில் காசிமேட்டுக் கடற்காற்று வேறு. என் பழைய கணினியின் முன்பக்கப் போர்ட்டை டார்ச் அடித்துப் பார்த்தபோது தொடுமுனைகளில் பச்சை பூத்திருந்தது. வியாசர்பாடி கடலிலிருந்து சற்றுத் தள்ளி இருந்தாலும் ஒரு முறை பாருங்கள்.

20 செப்டம்பர் 2024, இரவு 10.40

மடிக்கணினி வைத்திருப்பவர்கள் பலர் இந்தக் குறிப்புகளைப் படிப்பதாகத் தெரிகிறது. அவர்களுக்காக இரண்டு திருத்தங்கள்.

முதலாவது, செப்டம்பர் 3ல் சொன்னபடி எல்லா ஹப்பிலும் டிக்கை எடுத்து, செலக்டிவ் சஸ்பெண்டை முழுவதும் நிறுத்துவது மின்பிளக்கில் இருக்கும் மேசைக் கணினிக்குப் பொருந்தும். பேட்டரியில் ஓடும் கணினியில் கேமரா, புளூடூத் என உள்ளே இருக்கும் பல சாதனங்களும் யுஎஸ்பி தடத்தில்தான் இருக்கின்றன. அவை தூங்காவிட்டால் பேட்டரி விரைவில் தீரும். அங்கே பிளக்கில் இருக்கும்போது, பேட்டரியில் இருக்கும்போது என்று தனித்தனி அமைப்பு உண்டு. முன்னதை மட்டும் மாற்றுங்கள்.

இரண்டாவது, மடிக்கணினியின் சொந்த விசைப்பலகை பெரும்பாலும் யுஎஸ்பியில் இல்லை. 1984ல் ஐபிஎம் பிசி ஏடி கணினியில் வந்த 8042 என்ற விசைப்பலகைக் கட்டுப்படுத்தியின் முறைதான் இன்றும் பல மடிக்கணினிகளுக்குள் தொடர்கிறது. அதனால் அந்த விசைப்பலகை மூடி திறந்ததும் செத்துக் கிடந்தால், யுஎஸ்பி டிக்குகளால் பயன் இல்லை. கொருக்குப்பேட்டையில் ஒரு மாணவர், தன் தங்கையின் பழைய மடிக்கணினியில் லினக்ஸ் போட்டிருக்கிறார். மூடியைத் திறந்தால் உள் விசைப்பலகை வேலை செய்வதில்லை, வெளியில் செருகிய யுஎஸ்பி விசைப்பலகை வேலை செய்கிறது. இந்த வேறுபாடே தடயம். லினக்ஸ் உட்கருவின் தொடக்க வரியில், 8042 கட்டுப்படுத்தியை மீட்டமைக்கச் சொல்லும் விருப்பத்தைச் சேர்க்கச் சொன்னேன். சேர்த்த பிறகு மூடியைப் பத்து முறை மூடித் திறந்து பார்த்ததாக எழுதினார். பத்து முறையும் எழுந்திருக்கிறது.

லினக்ஸில் யுஎஸ்பி விசைப்பலகை முதல் எழுத்தை விழுங்கினால், பவர்டாப் என்ற மின்சேமிப்புக் கருவியின் எல்லாவற்றையும் தானாகச் சீர்செய்யும் தேர்வைக் கொடுத்தீர்களா என்று முதலில் யோசியுங்கள். அது விசைப்பலகை, மவுஸ் என்று பாராமல் எல்லாவற்றையும் தூங்கவிடும். அங்கே வழக்கமான காத்திருப்பு 2 வினாடிதான். டிஎல்பி என்ற கருவி உள்ளீட்டுச் சாதனங்களை இயல்பாகவே விலக்கி வைக்கிறது. எனக்கு அந்த அணுகுமுறையே பிடித்திருக்கிறது. வட்டோ கேமராவோ எழுவதற்கு அரை வினாடி எடுத்துக்கொள்ளலாம். மனிதர் கை வைத்திருக்கும் சாதனத்தை அவரைக் கேட்காமல் தூங்கவைப்பது சரியல்ல.

23 செப்டம்பர் 2024, இரவு 9.20

ஸ்லீப்பிலிருந்து எழுந்ததும் ஒரே எழுத்து பக்கம் முழுவதும் ஓடுகிறதே என்று பெரம்பூரிலிருந்து கேட்டிருக்கிறார்கள். யுஎஸ்பி விசைப்பலகை, விசை அழுந்தியது, விசை விடுபட்டது என்று நிலை மாறும்போதுதான் செய்தி அனுப்பும். இடையில் எழுத்தைத் திரும்பத் திரும்ப இடுவது இயங்குதளம். அழுந்திய செய்தி போய், விடுபட்ட செய்தி போவதற்குள் கணினி தூங்கிவிட்டால், எழுந்த பிறகும் அந்த விசை அழுந்தியே இருப்பதாகக் கணினி நினைத்துக்கொள்கிறது. அதே விசையை ஒரு முறை அழுத்தி விடுங்கள், நின்றுவிடும். கண்ட்ரோல், ஆல்ட், ஷிஃப்ட் விசைகளுக்கும் இது நேரலாம். அப்போது எழுத்து ஓடாது, தட்டுவதெல்லாம் கட்டளையாக மாறும். எழுந்ததும் விசைப்பலகை விபரீதமாக நடந்தால் இந்த மூன்றையும் இருபுறமும் ஒரு முறை தட்டிவிடுவது என் வழக்கம்.

வயர் இல்லாத விசைப்பலகைகளைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். அவை தம் பேட்டரியைக் காக்கத் தாமே தூங்குகின்றன. கணினியில் எந்த டிக்கை எடுத்தாலும் அது நிற்காது. மனு தட்டும் மேசைக்கு வயர் உள்ளதையே வையுங்கள்.

16 அக்டோபர் 2024, இரவு 8.30

நேற்றைய மழையில் கரண்ட் போவதும் வருவதுமாக இருந்தது. ஒவ்வொரு முறையும் யுபிஎஸ் "டக்" என்று மாறியபோது என் இரண்டாவது கணினி அணையவில்லை, ஆனால் விசைப்பலகையின் விளக்கு ஒரு கணம் அணைந்து எரிந்தது. ஒரு முறை எரியவே இல்லை.

இதை மின்சேமிப்பு என்று நினைத்து டிக்குகளைத் தேடுவது வீண். சாதாரண யுபிஎஸ் மாறுவதற்குச் சில மில்லிவினாடிகள் ஆகும். அந்த இடைவெளியில் கணினிக்குள் மின்சாரம் தரும் பெட்டியான எஸ்எம்பிஎஸ் தன் மின்தேக்கிகளில் உள்ளதை வைத்துத் தாக்குப்பிடிக்க வேண்டும். இத்தகைய பெட்டிகளுக்கான ஏடிஎக்ஸ் விதிப்படி 16, 17 மில்லிவினாடி தாங்க வேண்டும். மின்தேக்கிகள் வயதானால் அந்தத் தாக்குப்பிடிப்பு குறையும். 5 வோல்ட் சற்றே சரிந்ததும் முதலில் தடுமாறுவது யுஎஸ்பியில் தொங்குபவை, கணினி தப்பித்துக்கொள்ளும். ஆகவே யுபிஎஸ் மாறும் சத்தமும் விசைப்பலகை விளக்கும் ஒரே நேரத்தில் போனால் எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றிப் பாருங்கள். நான் நாளை மாற்றுகிறேன்.

வியாசர்பாடித் தம்பி, உங்கள் மூன்றாவது கணினியும் இதுவாக இருக்கலாம். நோட்டை அனுப்புங்கள்.

19 அக்டோபர் 2024, இரவு 10.10

நோட்டின் மூன்றாவது பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறார். 16ஆம் தேதி நான் ஊகித்தது தவறு. கரண்ட் போன நேரங்களில் அவருடைய விசைப்பலகை நிற்கவே இல்லை. நின்றதெல்லாம் காலை 11 மணிக்கு மேல், மதியம் 2 மணிக்குள். ஞாயிற்றுக்கிழமைகளில் வரியே இல்லை. பின்பக்கப் போர்ட்டுக்கு மாற்றிய பிறகும் அதே நேரங்கள்.

அவரை அழைத்துப் பேசினேன். 11 மணிக்கு மேல் கடையில் என்ன மாறுகிறது என்று கேட்டேன். கூட்டம் வரும் என்றார். கூட்டம் வந்தால் அந்தக் கணினியில் என்ன மாறும் என்று கேட்டேன். அப்போதும் ஒன்றும் இல்லை என்றுதான் சொன்னார். பிறகு அவரே, "அக்கா, போன் சார்ஜ் போடுவார்கள்" என்றார்.

மூன்றாவது கணினி வாசல் ஓரத்தில் இருக்கிறது. பின்பக்கப் போர்ட்டிலிருந்து நான்கு வாய் கொண்ட ஒரு சிறிய ஹப் மேசைக்கு வருகிறது. விசைப்பலகை, மவுஸ், கைரேகைக் கருவி மூன்றும் அதில்தான். விசைப்பலகையைப் பின்பக்கத்துக்கு மாற்றச் சொன்னபோது ஹப்பின் வயரை மாற்றியிருக்கிறார். விசைப்பலகை ஹப்பிலேயே இருந்திருக்கிறது. வரிசையில் காத்திருப்பவர்கள் நான்காவது வாயில் போனைச் செருகிவிடுகிறார்கள். யுஎஸ்பி 2.0 விதிப்படி ஒரு போர்ட் தரக்கூடியது 500 மில்லிஆம்பியர். தனி மின்சாரம் இல்லாத ஹப் அதைத் தன் நான்கு வாய்களுக்கும் பங்கிட வேண்டும், ஒரு வாய்க்கு 100 மில்லிஆம்பியர்தான் உறுதி. போன் ஒன்றே அந்த மொத்தத்தையும் இழுத்துக்கொள்ளப் பார்க்கும். கைரேகைக் கருவியும் விளக்கெரித்து இயங்கும் நேரத்தில் மின்னழுத்தம் சரிந்து, விசைப்பலகை விளக்கு அணைந்துவிடுகிறது. போனை எடுத்தாலும் தானாக மீளவில்லை என்பதால், போனுக்கும் இதற்கும் தொடர்பு இருப்பதாக யாருக்கும் தோன்றவில்லை.

உள்ளே செருகாதீர்கள் என்று வருகிறவர்களிடம் சொல்ல வேண்டாம் என்றேன். அரை நாள் வேலையை விட்டுவிட்டு வந்து நிற்கிறவர்கள் அவர்கள். ஓடிபி வரவேண்டிய போனில் சார்ஜ் இல்லாவிட்டால் அவர்களுடைய வேலையும் நடக்காது. வாசல் ஓரச் சுவரில் ஒரு பிளக்கும் சார்ஜரும் வைக்கச் சொன்னேன். விசைப்பலகை நேராகப் பின்பக்கப் போர்ட்டுக்கு, இந்த முறை உண்மையாகவே விசைப்பலகையின் வயர்.

26 அக்டோபர் 2024, இரவு 9.00

என் இரண்டாவது கணினிக்கு எஸ்எம்பிஎஸ் மாற்றியாயிற்று. நேற்று மாலை யுபிஎஸ் நான்கு முறை மாறியது, விளக்கு அசையவில்லை.

வியாசர்பாடியில் 20ஆம் தேதி சுவர்ப் பிளக் வைத்திருக்கிறார்கள். இன்று வரை நோட்டின் மூன்றாவது பக்கத்தில் புதிய வரி எதுவும் இல்லை. நான் சொல்லாமலே அவர் கேட்டதால் இதையும் எழுதுகிறேன்: பழைய விசைப்பலகைகள் மூன்றையும் நம்லாக் விளக்கு பார்த்துச் சோதித்துவிட்டார், மூன்றும் நன்றாக இருக்கின்றன. அவற்றில் ஒன்று அவருடைய முதல் கணினிக்குத் திரும்பிவிட்டது.